மக்காவில் பிறந்தவள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு ஒன்பது நாளாயிற்று. ஊறவைத்து மில்லில் இடித்து வாங்கிவந்த பச்சரிசி மாவு ஈரம் போகாமல் கிடந்தது. வெயில் இருந்தால் மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து ஒரு மணி நேரத்தில் காயவைத்துவிடுவாள் ஹஃபீஸா. இப்போது பெரிய இரும்புச் சட்டியில் போட்டு, கை ஓயாமல் கிண்டி, நிறம் மாறாமல் வறுத்து எடுக்க வேண்டியிருந்தது. நிறம் மாறினால் இடியாப்பம் வெள்ளையாக வராது. மெஸ்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். கூடையைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார், அவ்வளவுதான்.

தினமும் நானூறு இடியாப்பம். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து மெஸ்ஸுக்கு இருநூறு, பெண்கள் விடுதி ஒன்றுக்கு நூற்றைம்பது, மிச்சம் மஹபூப்பாளையத்துத் தெருக்காரர்களுக்கு. புருஷன் அசீம் கொரோனாவில் போன பிறகு தொடங்கிய வேலை. நாலு வருஷத்தில் வலது தோள்பட்டை போய்விட்டது. அச்சைப் பிடித்து முறுக்கும்போது வலி தெரியாது. வேலை முடிந்து தலை சீவக் கையைத் தூக்கினால்தான் தெரியும்.

அன்று காலை எட்டரைக்கு மகள் சுஃபியா நைட் டூட்டி முடிந்து வந்தாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். வந்தவள் நனைந்த ஷூவைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் உட்கார்ந்து போனை அம்மாவின் பக்கம் நீட்டினாள்.

"வந்துருச்சும்மா."

"என்னது?"

"மக்காவுல இருந்து. உன் பர்த் சர்ட்டிபிகேட். மெயில் அனுப்பிட்டாங்க."

ஹஃபீஸா மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். ஒரு பக்கம் சீன எழுத்து. ஒரு பக்கம் இங்கிலீஷ் மாதிரி இருந்து இங்கிலீஷ் இல்லாத எழுத்து. நடுவில் அவள் பெயர். 'ஹஃபிஸா சிக்கந்தர்' என்று படிக்கிற மாதிரி. தேதி 1979 டிசம்பர் 9. தகப்பனார் பெயர், தாயார் பெயர், இரண்டும் சரியாக இருந்தன.

"உசுரோட இருக்கற நாட்டுல ரேஷன் கார்டுல பேர் மாத்த எட்டு மாசம் ஆச்சு," என்றாள் ஹஃபீஸா. "அங்க பாரு, நாப்பத்தஞ்சு வருஷமா பத்திரமா வச்சிருக்கான்."

சுஃபியா சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

மக்காவு என்பது சீனாவின் தெற்குக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். 1999 வரை அதைப் போர்த்துகீசியர்கள் ஆண்டார்கள். ஹஃபீஸாவின் அத்தா சிக்கந்தர் இளவயதில் அங்கே ஒரு கடையில் வேலை பார்த்தார். கல்யாணம் ஆனதும் மனைவி சாதிகாவையும் அழைத்துப் போனார். ஹஃபீஸா அங்கேதான் பிறந்தாள் என்பது சாதிகா ஊரெல்லாம் சொன்ன கதை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், குழாயடியில், பள்ளிக்கூட வாசலில், எங்கே யார் கேட்டாலும், "இவ மக்காவுல பொறந்தவ" என்பாள். தெருப் பிள்ளைகள் ஹஃபீஸாவுக்குச் 'சீனாக்காரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அந்த ஊர் கொஞ்சம் நினைவிருந்தது. முன்சுவர் மட்டும் நிற்கிற ஒரு பெரிய சர்ச், அதன் ஜன்னல்கள் வழியாகத் தெரிகிற வானம். கருவாட்டு வாசம் அடிக்கிற படிக்கட்டுத் தெரு.

சாதிகா இறந்து பத்து வருஷமாகிறது. ஆகஸ்ட் மாதம் அவளுடைய பெட்டியை ஒழிக்கும்போது, பட்டுப் புடவைக்கு அடியில், முத்திரை குத்திய பழைய சீட்டு ஒன்று சுஃபியாவின் கையில் கிடைத்தது. கூட வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தியிடம் காட்டினாள். அவளுடைய சிநேகிதி கோவாக்காரி. அது பிறப்பைப் பதிந்த சீட்டு என்று படித்துவிட்டு அவள் சொன்ன விஷயம் வீட்டையே திருப்பிப் போட்டது. எண்பத்தொன்றாம் வருஷக் கடைசிக்கு முன்னால் மக்காவில் பிறந்தவர்கள், தாய் தகப்பன் யாராக இருந்தாலும், போர்ச்சுகல் பிரஜைதான். அம்மாவுக்கு அது உறுதியானால் மகளும் கேட்கலாம். போர்ச்சுகல் பாஸ்போர்ட் இருந்தால் ஐரோப்பாவில் எந்த ஆஸ்பத்திரியிலும் வேலைக்குப் போகலாம். ஏஜென்ட் வேண்டாம், ஸ்பான்சர் வேண்டாம்.

வக்கீல் பஞ்சாபகேசனிடம் போனார்கள். அசீமின் விபத்துக் கேஸ் ஒன்றை முன்பு பார்த்தவர். எழுபது வயது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர்.

"ஒரே சிக்கல்தான்," என்றார். "அம்மாவோட ஸ்கூல் சர்ட்டிபிகேட்ல பொறந்த ஊர் மதுரைன்னு இருக்கு. தேதி எண்பத்திரெண்டு ஜனவரி. ஆதார், ரேஷன் கார்டு, எல்லாம் அதை வச்சுத்தான் வந்திருக்கு."

"அப்ப எல்லாரும் அப்படித்தான் சார் வயசக் கொறச்சுப் போடுவாங்க," என்றாள் சுஃபியா.

"தெரியும். எனக்கே ஒன்றரை வயசு குறைச்சல். அதை உங்க தாத்தா பிரமாண வாக்குமூலமாச் சொல்லணும். மக்காவுல பிறந்த ஹஃபீஸாவும் இந்த ஹஃபீஸாவும் ஒரே ஆள், ஸ்கூல்ல போட்டது தப்புன்னு. அவர்தான் தகப்பனார், அவர் சொன்னா செல்லும்." பிறகு ஹஃபீஸாவைப் பார்த்தார். "இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்கோ. அந்த நாட்டு பாஸ்போர்ட்டைக் கையில வாங்கினா நீங்க இந்தியப் பிரஜை இல்லை. ஓட்டு கிடையாது. விதவை உதவித்தொகை நின்னுடும். இதே வீட்டுல இருக்க வெளிநாட்டுக்காரியா ஒரு கார்டு வாங்கி வச்சுக்கணும்."

அதை மட்டும் ஹஃபீஸா ஒரு வாரம் யோசித்தாள். அவளுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் இந்தப் பேப்பர் இருக்கிறதா அந்தப் பேப்பர் இருக்கிறதா என்று அலமாரியைக் குடைந்துகொண்டிருந்த காலம். இருக்கிற குடியுரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு வருவதா? ஆனால் மகள் பன்னிரண்டு மணி நேர டூட்டி முடிந்து வந்து, சாப்பிடும்போதே தட்டில் கை வைத்தபடி தூங்கியதைப் பார்த்த அன்று, "எழுதிக் குடுத்துருவோம்" என்று சொல்லிவிட்டாள்.

மக்காவு ஆபீஸுக்கு எழுதிக் கேட்ட சர்ட்டிபிகேட்டும் இப்போது வந்துவிட்டது. இனி அத்தாவின் கையெழுத்துதான் பாக்கி.

சிக்கந்தருக்கு எண்பது. மக்காவிலிருந்து வந்த பிறகு விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் முப்பது வருஷம் சேலை விரித்துக் காட்டியவர். முதுகு கொஞ்சம் கூனியிருந்தது. காது நன்றாகக் கேட்கும். முன் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடியாப்பம் அடுக்கும் வாழையிலைகளை அளவாக வெட்டிக்கொண்டிருப்பார். ஆகஸ்டிலிருந்து இந்தப் பேச்சு எழும்போதெல்லாம், "எதுக்கு அதெல்லாம், விடுங்க" என்று மட்டும் சொல்லி வந்தார். எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை.

மெயில் வந்த அன்று சாயங்காலம் சுஃபியா தூங்கி எழுந்து, சர்ட்டிபிகேட்டை அச்செடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள்.

"பாருங்க நன்னா. உங்க பேரு, நன்னி பேரு, அம்மா பேரு. வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சு வக்கீல் ஆபீஸ் போறோம். ஒரே ஒரு கையெழுத்து."

சிக்கந்தர் கத்தியைக் கீழே வைத்தார். காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல அவ செத்தது எழுதலையே," என்றார்.

"நன்னி செத்தது எப்படி நன்னா இதுல வரும்?"

"உங்க நன்னி இல்லம்மா. இந்தப் புள்ள."

சுஃபியா அம்மாவைப் பார்த்தாள். அத்தாவுக்கு நினைவு தடுமாறுகிறது என்றுதான் ஹஃபீஸாவுக்கு முதலில் தோன்றியது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் அருகில் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தா, நான் இங்கதான இருக்கேன். என்னத்தச் சொல்றீங்க?"

"நீ இல்லம்மா இது." அவர் குரலில் தடுமாற்றமே இல்லை. "நீ சமயநல்லூர்ல பொறந்தவ. உங்க அம்மாச்சி வீட்டுல. எண்பத்திரெண்டு ஜனவரி. ஸ்கூல்ல போட்டது சரியான தேதிதான். நான் ஒண்ணும் கொறைக்கல."

வெளியே மழை தகரத்தின் மேல் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ குக்கரை இறக்கினார்கள்.

"இது உனக்கு மூத்தவ. இவளுக்கும் ஹஃபீஸான்னுதான் பேரு. பதினாலு மாசம் இருந்தா. நடக்க ஆரம்பிச்சிருந்தா. பிப்ரவரி மாசம், நல்ல குளிரு. காய்ச்சல்ல போயிட்டா. அங்கதான் அடக்கம் பண்ணோம்."

சுஃபியாதான் கேட்டாள்.

"பின்ன ஏன் நன்னி அப்படிச் சொன்னாங்க? எல்லார்கிட்டயும் சொன்னாங்களே."

சிக்கந்தர் ஒரு வாழையிலைத் துண்டை எடுத்து நரம்பைக் கிழித்தார்.

"அந்த ஊரு எப்படிப்பட்டதுன்னு சொன்னாத்தான் உனக்குப் புரியும். சின்ன ஊரும்மா. நம்ம மாசி வீதிக்குள்ள இருக்கறத மாதிரி ஒரு நாலு மடங்கு, அம்புட்டுதான். டீய குடிச்சிட்டு நடக்க ஆரம்பிச்சா மத்தியானச் சோத்துக்குள்ள சுத்தி வந்துரலாம். மூணு பக்கம் தண்ணி. ஒரு பக்கம் ஒரு வளைவு கட்டிருப்பான், அதுக்கு அங்கிட்டு சீனா. நம்ம போக முடியாது. குடிக்கிற தண்ணி அங்கிட்டுருந்துதான் வரும். காய்கறியும் அங்கிட்டுருந்துதான். அவன் நெனச்சா ஒரே நாள்ல ஊர மூடிரலாம். ஆனா கவர்னர் போர்ச்சுகல்காரரு. போலீஸு, கோர்ட்டு, தபாலாபீஸு எல்லாத்துலயும் அவங்க பாஷ. ஊர்ல இருக்கறவன் பூரா சீனாக்காரன், அவனுக்கு அந்த பாஷ ஒரு வார்த்த தெரியாது. ரெண்டு பேருக்கும் நடுவுல கலப்புல பொறந்தவங்க கொஞ்சம் பேரு. அவங்கதான் ஆபீஸ் குமாஸ்தா. எதுவானாலும் அவங்க வாய் வழியாத்தான் போகணும், வரணும். தெரு மொனைல நீல எழுத்துல ஓடு பதிச்சிருப்பான். மேல அவன் பேரு, கீழ சீனாப் பேரு. ரெண்டும் வேற வேற. ஒருத்தன் ஒரு தெருவச் சொல்லி வழி கேப்பான், இன்னொருத்தன் அப்படி ஒரு தெருவே இல்லம்பான். ரெண்டு பேரும் அந்தத் தெருவுலயேதான் நின்னுக்கிட்டிருப்பான்."

"நீங்க என்ன வேலை நன்னா பாத்தீங்க?"

"வாட்ச் கடை. மொதலாளி ராமநாதபுரம் பக்கத்துக்காரரு, ஹாங்காங்ல இருந்தாரு. இங்க என்னையும் அப்துல் ரசாக்னு ஒருத்தரையும் போட்டிருந்தாரு. ஊரே சூதாட்டத்துல ஓடுது. ஹாங்காங்ல இருந்து கப்பல்ல வருவான், ராத்திரி பூரா ஆடுவான். தோத்தவன் விடிஞ்சதும் நம்ம கடை வாசல்ல நிப்பான், வாட்சக் கழட்டிக் கையில வச்சிக்கிட்டு. கப்பலுக்குக் காசு இருக்காது. நாங்க வாங்கிக்குவோம். பட்டாசுக் கம்பெனி, ஊதுபத்திக் கம்பெனி, அதுல பொம்பளைங்க வேலை செய்வாங்க. மத்தியானம் ஆபீஸப் பூட்டிட்டு அதிகாரிங்க தூங்கிருவாங்க. வேலைக்கு வந்தவன் எவனும் அங்கயே இருக்கணும்னு வரல. போர்ச்சுகல்காரனும் ஊருக்குப் போற நாள எண்ணிக்கிட்டிருந்தான். நாங்களும் அப்படித்தான். உங்க நன்னிக்கு மட்டும் அந்த ஊரு புடிச்சிருந்துச்சு. படியேறி அந்தச் சர்ச்சு முன்னாடி போய் உக்காந்துக்குவா. ஒத்தச் செவரு. எரிஞ்சது போக மிச்சம்னு சொல்வாங்க."

"ஜன்னல்ல வானம் தெரியும்," என்றாள் ஹஃபீஸா. அவளை அறியாமல் வந்தது.

"அது உங்கம்மா சொன்னது. நீ பாக்கல."

அவள் தலையசைத்தாள்.

"புள்ளைக்கு மூணு நாளாக் காய்ச்சல். நாலாம் நாள் தூக்கிக்கிட்டுப் போனோம். டாக்டர் போர்ச்சுகல்காரரு, நல்ல மனுசன். அவர் கேக்கறத நர்ஸு சீனத்துல சொல்லும். அத ரசாக்கு அவருக்குத் தெரிஞ்ச சீனத்துல புரிஞ்சுக்கிட்டு எனக்குத் தமிழ்ல சொல்வாரு. நான் சொல்றது திரும்ப அதே வழில போகணும். 'இழுப்பு வந்துச்சு'ன்னு நான் சொன்னேன். அது அந்தப் பக்கம் போய்ச் சேந்துச்சா, வேற என்னமாவும் போச்சான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. யாரையும் குத்தம் சொல்ல முடியாது. எல்லாரும் அவங்கவங்க பாஷைல நல்லாத்தான் பாத்தாங்க."

கிழித்த இலையை ஒதுக்கி வைத்தார். பிறகு தானாகவே தொடர்ந்தார்.

"தண்ணி தேக்கி வச்சிருக்கற ஏரி மாதிரி ஒண்ணு, அதுக்குப் பக்கத்துல ஒரு பள்ளிவாசல். முன்னாடி போர்ச்சுகல்காரன் பட்டாளத்துல இருந்த நம்ம ஊரு முஸ்லிம்க கட்டினதுன்னு சொல்வாங்க. அங்க மையவாடி இருக்கு. நாங்க ஏழு பேரு. ஜனாஸா தொழுது அடக்கம் பண்ணிட்டு வந்தோம். மறுநாள் சாவைப் பதியணும்னு ரசாக்கு சொன்னாரு. போட்டிருந்த சட்டையோட கெளம்பினேன். உங்க நன்னி வாசக்கதவ மறிச்சு நின்னுக்கிட்டா. 'பொறந்ததத்தான் எழுதிருக்கு. அது அப்படியே இருக்கட்டும். நீங்க போய் அத அடிச்சிட்டு வந்தீங்கன்னா நானும் இல்ல'ன்னா. நான் போகல. மறுமாசம் ஊருக்கு வந்துட்டோம். நீ வயித்துல வந்த தாயி. பொம்பளப் புள்ளையாப் பொறந்த. அதே பேர வச்சா. அதே ஆளுன்னுட்டா. அவ வீட்டு ஆளுங்களுக்குத் தெரியும். யாரும் வாய் தெறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. இப்ப அவங்கள்ல ஒருத்தரும் இல்ல. ரசாக்கும் போயிட்டாரு."

"நீங்க ஒரு தடவகூடச் சொல்லலையேத்தா."

"நான் உன்ன ஹஃபீஸான்னு கூப்ட்டிருக்கேனா?"

ஹஃபீஸா யோசித்தாள். அம்மாடி, தாயி, ஏம்மா. ஒரு தடவைகூட இல்லை.

அன்று இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளும் மழை. நானூறு இடியாப்பம் பிழிந்தாயிற்று. மெஸ்ஸுக்குக் கூடையைத் தூக்கிப் போகும்போது ஹஃபீஸாவுக்குத் தனக்கு இரண்டு வயது குறைந்துவிட்டது என்று நினைப்பு வந்தது. சிரிப்பு வர வேண்டிய விஷயம். தோள்பட்டைக்கு அது தெரியவில்லை.

சுஃபியா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, முன்னறைக்குக் கேட்கிற மாதிரியே பேசினாள்.

"அம்மா, அந்த ஊரு ஆபீஸுக்கு ஹஃபீஸா உயிரோட இருக்கா. நம்ம கொண்டுபோற ஹஃபீஸாவும் உயிரோட இருக்கா. அத்தா பேரு ஒண்ணு, அம்மா பேரு ஒண்ணு. யாருக்கு இதுல நட்டம்?"

"பொய்யாச்சேடி."

"நன்னி முப்பது வருஷம் சொன்னது என்ன? அவங்க சொன்னதத்தான நம்ம எழுதப் போறோம். போன வாரம் ஐ.சி.யூ.ல ஒம்பது பேஷன்ட்டுக்கு நான் ஒருத்தி. ஒரு ஆள் கூப்டறாரு, நான் இன்னொரு ஆளுக்கு டியூப்ப மாட்டிக்கிட்டிருக்கேன். திரும்பிப் பாக்கறதுக்குள்ள அவரு கட்டில்ல இருந்து விழுந்துட்டாரு. திட்டு எனக்குத்தான். இன்னும் இருபது வருஷம் இப்படியேன்னு நெனச்சா படில எறங்கவே கால் வரமாட்டேங்குது. நான் யாரு சொத்தையும் கேக்கலம்மா. செத்துப்போன புள்ளைக்கு அந்தப் பேப்பர் எதுக்கு?"

முன்னறையில் இலை வெட்டுகிற சத்தம் நின்றது.

ஹஃபீஸாவுக்கு மகள் சொன்னதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அதுதான் அவளைச் சோர்வாக்கியது. சாயங்காலம் அத்தாவுக்கு டீ கொடுக்கும்போது, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"கையெழுத்து மட்டும் போட்டுருங்கத்தா. புள்ள பாவம்."

"போடறேன்மா," என்றார். "நீ சொன்னா போடறேன்."

டீயைக் குடித்து முடித்து டம்ளரை அவளிடமே கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்டோவில் மூன்று பேரும் கோர்ட்டுப் பக்கம் போனார்கள். மழை விட்டிருந்தது. ரோட்டோரம் முழுக்கச் சகதி. பஞ்சாபகேசனின் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. முன்னறையில் டைப் செய்கிற மாதங்கி கம்ப்யூட்டரைப் பிளாஸ்டிக் உறையால் பாதி மூடி வைத்திருந்தாள். மேலே கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

முத்திரைத்தாளில் எல்லாம் தயாராக இருந்தது. பஞ்சாபகேசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். எழுதியதை எழுதியவர் முன் முழுசாக வாசிக்காமல் கையெழுத்து வாங்க மாட்டார்.

"... மேற்படி 1979ஆம் வருடம் டிசம்பர் மாதம் 9ஆம் தேதி மக்காவில் எனக்கும் என் மனைவி காலஞ்சென்ற சாதிகாவுக்கும் பிறந்த ஹஃபீஸா என்பவரும், தற்போது மதுரை மஹபூப்பாளையத்தில் வசித்துவரும் ஹஃபீஸா என்பவரும் ஒரே நபரே என்றும், எனக்கு வேறு பெண் குழந்தை எக்காலத்திலும் பிறந்ததில்லை என்றும் இதன் மூலம்..." நிமிர்ந்தார். "சரிதானே பாய்?"

சிக்கந்தர் கையில் பேனாவைக் கொடுத்திருந்தார்கள். அவர் மூடியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல மேஜையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு ஹஃபீஸாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"வேற புள்ள பொறந்ததே இல்லன்னு எழுதிருக்காம்மா?"

"ஆமாத்தா."

"அது இல்லாம எழுத முடியாதா?"

பஞ்சாபகேசன் இரண்டு பேரையும் பார்த்தார். ஹஃபீஸா அத்தாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலை விரித்து விரித்து நகமெல்லாம் தட்டையாகிப்போன கை. அவர் போட்டுவிடுவார். அவள் சொல்லிவிட்டாள் என்பதற்காகப் போட்டுவிடுவார். அன்றைக்கு மனைவி சொன்னாள் என்பதற்காகப் பதியாமல் விட்டவர். இன்றைக்கு மகள் சொல்கிறாள் என்பதற்காக, அப்படி ஒருத்தி பிறந்து செத்ததே இல்லை என்று எழுதித் தருவார்.

"சார்," என்றாள் ஹஃபீஸா. "அது நானில்ல."

சுஃபியா, "அம்மா," என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அது எங்க அக்கா. செத்துப்போச்சு. எனக்கே இந்த வாரந்தான் தெரியும். உங்களை வீணா அலைய விட்டுட்டோம்."

சுஃபியா எழுந்து வெளியே போனாள். ஜெராக்ஸ் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தது கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பஞ்சாபகேசன் முத்திரைத்தாளை எடுத்து நாலாக மடித்து மேஜை டிராயரில் போட்டார். கோபப்படவில்லை, புத்தியும் சொல்லவில்லை.

"அப்ப அந்தக் குழந்தை இறந்தது அங்க பதியலையா?"

"பதியல," என்றார் சிக்கந்தர். "நான்தான் போகல." பேனாவின் மூடியை இன்னும் கையில் வைத்திருந்தார். "வக்கீலய்யா, ஒண்ணு கேக்கலாமா. இப்ப எழுதிக் குடுத்தா எடுத்துக்குவாங்களா? அன்னைக்கு மையவாடில நின்ன ஏழு பேர்ல நான் ஒருத்தன்தான் மிச்சம். எனக்கப்புறம் அவ செத்துட்டான்னு சொல்றதுக்குக்கூட ஆளில்ல. அந்த ஆபீஸ்ல அவ பாட்டுக்கு வயசாகிக்கிட்டே இருப்பா."

"எடுத்துப்பாளா மாட்டாளான்னு எனக்குத் தெரியாது பாய். அங்க ஆட்சியே மாறியாச்சு. ஆனா நீங்க சொல்றதை எழுதி, கையெழுத்து வாங்கி, அந்த ஆபீஸுக்கு அனுப்பலாம். அனுப்பறதுல தப்பில்லை." ஹஃபீஸாவிடம் திரும்பினார். "ஆனா ஒண்ணு. இதை அனுப்பிட்டா அப்புறம் அந்தப் பாஸ்போர்ட் வழி அடைஞ்சதுதான். நாளைக்கு மனசு மாறினாலும் முடியாது."

ஹஃபீஸா வெளியே பார்த்தாள். சுஃபியா குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டூட்டியில் நின்று நின்று இந்த வயதிலேயே கெண்டைக்கால் நரம்பு சுருண்டுவிட்ட கால்கள்.

"எழுதுங்க சார்," என்றாள்.

மாதங்கி கம்ப்யூட்டர் உறையை விலக்கினாள். பஞ்சாபகேசன் சொல்லச் சொல்ல அடித்தாள். பெயர், பிறந்த தேதி, தாய், தகப்பன்.

"இறந்த தேதி?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொண்ணு பிப்ரவரி பதினேழு. செவ்வாக்கிழம."

"இடம்?"

"மக்காவு. அரசாங்க ஆஸ்பத்திரி. ரெண்டாவது மாடி. ஜன்னலோரக் கட்டில்."

"மாடியெல்லாம் வேண்டாம் பாய்."

"சரிங்க. நேரம் போடலாமா?"

"நேரம் கேக்கமாட்டா."

"அஸர் நேரம். சாயங்காலம் நாலு இருக்கும். வெளிய சர்ச்சு மணி அடிச்சுச்சு, அதான் தெரியும். அவ என் பக்கம் பாத்துட்டிருக்கான்னு நர்ஸு எனக்குச் சைகை காட்டுச்சு. நான் திரும்பினேன்."

மாதங்கி அடிக்காமல் வக்கீலைப் பார்த்தாள்.

"போட்டுக்கோ," என்றார் பஞ்சாபகேசன். "மாலை நாலு மணிக்குன்னு போடு."

அச்செடுத்து வந்தது. ஆரம்பத்திலிருந்து வாசித்தார். இந்தத் தடவை சிக்கந்தர் ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்தார். பொறுமையாக, தமிழில், முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஹஃபீஸா முதல் சாட்சியாகப் போட்டாள். தன் பெயரை எழுதும்போது கை ஒரு நொடி நின்றது. பிறகு எழுதினாள்.

"இன்னொரு சாட்சி வேணும்," என்றார் வக்கீல். "மாதங்கி, ஜெராக்ஸ்காரரைக் கூப்பிடு."

மாதங்கி எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். ஜெராக்ஸ்காரர் வரவில்லை. சுஃபியா வந்தாள். அழுத முகம், கழுவிக்கூட இருக்கவில்லை. யாரையும் பார்க்காமல் மேஜையருகே நின்று, தாளைத் தன் பக்கம் திருப்பி முழுசையும் படித்தாள். ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டைப் படிக்கிற மாதிரி, விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தாள்.

"காரணம் போடலையே சார்," என்றாள். "டெத்துக்குக் காரணம் எழுதணும். இல்லைன்னா எடுத்துக்க மாட்டாங்க."

பஞ்சாபகேசன் சிக்கந்தரைப் பார்த்தார்.

"காய்ச்சலு," என்றார் சிக்கந்தர். "இழுப்பு வந்துச்சு. அன்னைக்கே சொன்னேன்."

சுஃபியா பேனாவை எடுத்தாள். ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில், ஐரோப்பாவுக்கு எழுதப் பழகியிருந்த தெளிவான இங்கிலீஷ் எழுத்தில், 'காய்ச்சலும் வலிப்பும்' என்று எழுதினாள்.

"இதத்தான நன்னா சொன்னீங்க?"

"அதத்தாம்மா."

அவள் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.